பத்துப் பத்து வெள்ளியாக வாங்கிய தோட்டம்



பினாங்கில், ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் தெரியும். அதற்கு அப்பால் செபராங் பிறைத் தோட்டங்கள். அவற்றையும் கடந்தால் கெடா மாநிலம். நம் முன்னோர்களில் பலர் இந்தத் துறைமுகத்தில்தான் முதன்முதலாக இந்நாட்டு மண்ணை மிதித்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்து, ஜெராஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகக் காத்திருந்து, பிறகு ஆளுக்கொரு திசையாகத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். முதலில் கரும்புத் தோட்டம். பிறகு ரப்பர்த் தோட்டம். அவர்கள் கொண்டு வந்த முதல் ஒரு துணிமூட்டையும் உழைக்கும் உடம்பும்தான்.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். ஒருவர் வாங்கவில்லை, பல ஆயிரம் பேர் சேர்ந்து வாங்கினார்கள். கங்காணியும் கிராணியும் அல்ல, பால்மரம் வெட்டியவர்களும் புல் வெட்டியவர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். இது 1961இல், பினாங்குக்கு அண்டையிலுள்ள கெடாவில் நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அதனூடே, சமூகத்தின் நன்மைக்காக நடத்தப்படும் வாணிகம் என்றால் என்ன, அது எப்போது நிலைக்கிறது, எப்போது சரிகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஊரில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. அதில் வரும் இலாபம் கடைக்காரருக்குச் சேர்கிறது. அவர் முதல் போட்டார், இலாபத்தை எடுத்துக்கொள்கிறார், அதில் தவறில்லை. இன்னொரு பக்கம், ஒரு தரும ஸ்தாபனம் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கிறது. நன்கொடை வரும்வரை அரிசி வரும். நன்கொடை நின்றால் அரிசியும் நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. கடையைப் போலவே வாங்கி விற்று, வரவு செலவு பார்த்து, இலாபம் ஈட்ட வேண்டும். ஆனால் அந்த இலாபம் ஒருவர் பெட்டிக்குப் போகாமல் ஊருக்கோ உறுப்பினர்களுக்கோ திரும்பி வர வேண்டும். இதைத்தான் இன்று சமூகத் தொழில் முயற்சி என்கிறார்கள். பெயர் புதிது, வழி பழையது. அதன் மூத்த வடிவம் கூட்டுறவுச் சங்கம்.

இந்த வழி ஏன் தேவைப்பட்டது என்பதை நம் தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக் கடையில் கடன் எழுதும் சிறிய 555 புத்தகத்தை அறியாத குடும்பம் நம்மில் எது? மாதம் முழுதும் அரிசியும் பருப்பும் கடனுக்கு வரும். சம்பள நாளில் கடைக்குப் போன பணம் போக மிச்சம் கைக்கு வரும். சில மாதங்களில் அந்த மிச்சமும் இராது. கடன் உள்ளவன் வேறு கடைக்குப் போக முடியாது. விலை கூடுதலென்று கேட்கவும் முடியாது.

இதே நிலை இங்கிலாந்தின் நெசவாளர்களுக்கும் இருந்தது. ரோச்டேல் என்னும் ஆலை நகரத்தில் கூலி குறைவு, கடைச் சரக்கிலோ கலப்படம், அளவிலும் மோசடி. அங்கே 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி என்று நாலைந்து சரக்குகளே இருந்தன. ஊரார் கேலி செய்தார்கள். ஆனால் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள்தாம் பின்னர் உலகெங்கும் கூட்டுறவின் அடிப்படை ஆயின.

அந்த விதிகளை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு. சரக்கு சுத்தமாகவும் அளவு சரியாகவும் இருக்க வேண்டும். கடன் கிடையாது, ரொக்க வியாபாரமே. இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெண்களும் உறுப்பினர் ஆகலாம். கணக்கு எல்லாருக்கும் முன்னால் படிக்கப்பட வேண்டும்.

இவ்வெண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதற்கென ஓர் இலாகாவும் கவண்டிஷ் என்பவர் தலைமையில் அமைந்தது. அவ்வாண்டே தபால் தந்தி ஊழியர்கள் தங்கள் சிக்கனக் கடன் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அதுவே நாட்டின் முதல் கூட்டுறவுச் சங்கம். பின்னர்த் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்குச் சிக்கனச் சங்கங்கள் ஏற்பட்டன. மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைத்து, ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்வதே அவற்றின் நோக்கம். சேமிக்கும் பழக்கத்தை அவை கற்றுக் கொடுத்தன. ஆனால் சேமிப்பு வேறு, சொத்து வேறு. தொழிலாளி சேமித்தான், தோட்டம் துரையிடமே இருந்தது.

இங்கே தமிழகத்து வரலாறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1906இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனியின் கப்பலுக்குப் போட்டியாக, நம்மவர் பணத்தில், நம்மவர் நலத்துக்கு ஓடிய கப்பல் அது. பொதுமக்களிடம் பங்கு திரட்டி இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து நெருக்கியது. 1908இல் அவர் சிறைப்பட்டார். தாங்கிப் பிடிக்க ஆளின்றிச் சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது, கப்பல்களும் விலைபோயின. அந்தத் தியாகத்தை நாம் என்றும் போற்றுவோம். அதே வேளையில் ஒரு பாடத்தையும் மறக்கலாகாது: ஒரே தோளில் நிற்கும் பொதுத் தொழில், அந்தத் தோள் சாயும்போது தானும் சாயும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1948இல் தொடங்கிய அவசரகாலமும், நெருங்கி வந்த சுதந்திரமும், செயற்கை ரப்பரின் போட்டியும் வெள்ளைக்காரக் கம்பெனிகளைக் கலக்கின. பல கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற விரும்பின. வாங்கியவர்களில் பலர் தோட்டத்தைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டு விற்றார்கள். மொத்தமாக வாங்கித் துண்டாக விற்றால் இலாபம் அதிகம் அல்லவா? இதைத்தான் நம் பெரியவர்கள் தோட்டத் துண்டாடல் என்று சொன்னார்கள். 1950களில் தொடங்கி 60களிலும் இது நீடித்தது.

துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளியின் கதி என்ன? ஐந்து ஏக்கர் வாங்கியவர் தம் குடும்பத்தைக் கொண்டே பால் வெட்டிக்கொள்வார். கூலியாள் அவருக்குத் தேவையில்லை. வேலை போயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வேலை மட்டுமா போகிறது? லயத்து வீடும் தோட்டத்துடையது. தண்ணீர்க் குழாயும் ஆயாக் கொட்டகையும் தோட்டத்துடையவை. கோயில் நிற்கும் நிலமும், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி நிலமும் தோட்டத்துடையவை. கையெழுத்து ஒன்று மாறினால் இத்தனையும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் இதனை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

தொழிற்சங்கம் இருந்ததே என்று கேட்கலாம். ஆம், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. நாராயணன் அதன் தலைவர்களில் முதன்மையானவர். சம்பளம், விடுமுறை, வேலை நிலைமை ஆகியவற்றுக்காகச் சங்கம் வாதாடியது. ஆனால் தொழிற்சங்கம் முதலாளியோடு பேசும் கருவி. முதலாளியே தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது யாரோடு பேசுவது? விற்பவரைத் தடுக்க முடியாவிட்டால், வாங்குபவராக நாமே ஆக வேண்டும். இதுதான் புதிய எண்ணம்.

அந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவருடைய தந்தையார் வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து, ரப்பர் நிலம் சேர்த்தவர். ஆகவே நிலத்தின் அருமையை மகன் வீட்டிலேயே கற்றிருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், சுதந்திர மலாயாவில் அமைச்சராகவும் இருந்தார். அவர் முயற்சியால் 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

திட்டம் எளிது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பல்லாயிரம் பேரின் பணம் சேர்ந்தால் ஒரு தோட்டத்துக்கு முன்பணம் ஆகும். வாங்கிய தோட்டத்தின் வருமானம் மீதிக் கடனை அடைக்கும். பிறகு அடுத்த தோட்டம். சிறு துளி பெரு வெள்ளம் என்னும் பழமொழியைக் கணக்காக எழுதியது போன்ற திட்டம் அது.

ஆனால் 10 வெள்ளி அன்று சிறு துளியா? பால் வெட்டுபவரின் நாள் கூலி இரண்டு, மூன்று வெள்ளியாக இருந்த காலம். மாதம் பத்து வெள்ளி என்றால் மூன்று நான்கு நாள் உழைப்பு. அடுப்பில் ஏறும் அரிசியில் இருந்தும், பிள்ளையின் புதுச் சட்டையில் இருந்தும், தீபாவளிச் செலவில் இருந்தும் எடுத்துத்தான் அதைக் கட்ட முடியும். “கட்டின பணம் திரும்பி வருமா?” என்ற ஐயமும் இருந்தது. பணம் திரட்டியவர்கள் பலர் முன்பு வந்து போனதை நம் மக்கள் கண்டிருந்தார்கள். சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போனார். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் நின்று பத்து வெள்ளி கேட்பதை மக்கள் அப்போதுதான் பார்த்தார்கள். அவர் கேட்டது நன்கொடை அல்ல, பங்கு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்கள் கட்டினார்கள்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். துண்டு போடப்படாமல் அது தோட்டமாகவே நின்றது. மரங்கள் அதே மரங்கள். வெட்டியவர்களும் அதே கைகள். காலையில் பிரட்டுக்கு அடிக்கும் மணியும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: பத்திரத்தில் இருந்த பெயர். அந்த ஒரு மாற்றத்தால் லயத்தை விட்டு வெளியேறு என்று சொல்ல யாருமில்லை என்ற நிலை வந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. உறுப்பினர் தொகை பல்லாயிரமாகப் பெருகியது. ரப்பர் இறங்கியபோது செம்பனை நடப்பட்டது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்து, பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறித் தமிழகம் திரும்பிய துன்பக் காலத்தையும் சங்கம் தாண்டி வந்தது. 1973இல் சம்பந்தன் ம.இ.கா. தலைமையை விட்டு விலகினார். 1979ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

நேயர்களே, இங்கேதான் தூத்துக்குடிக் கப்பலை மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். தலைவர் மறைந்த பிறகும் இந்தச் சங்கம் மறையவில்லை. கே.ஆர். சோமசுந்தரம் போன்றோர் நிருவாகத்தில் அது தொடர்ந்தது. கோலாலம்பூரில் துன் சம்பந்தன் பெயரில் சங்கத்தின் மாளிகை எழுந்தது. அங்குள்ள சோமா அரங்கத்தில் நடக்காத தமிழ் விழா இல்லை எனலாம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், தமிழ் எழுத்தாளர்களுக்கு இலக்கியப் பரிசும் அதன் வழியே வந்தன. ரப்பர்ப் பாலில் தொடங்கிய பணம் புத்தகமாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறியது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரலாறு பேசுவோர்க்கு அது கடமை. சங்கம் வாங்கிய தோட்டங்கள் சில. துண்டாடப்பட்டவையும் பின்னாளில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனவையும் பல. அங்கிருந்த நம் மக்கள் நகர்ப்புறத்துப் புறம்போக்குகளில் தகரக் கொட்டகை போட நேர்ந்தது. சங்கத் தோட்டத்திலும் தொழிலாளி தொழிலாளியாகவே இருந்தார். ரப்பர் விலை விழுந்தால் அங்கும் வருமானம் விழுந்தது. பங்கு வாங்கியதால் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் காலடி நிலம் நழுவாமல் நின்றது. அன்று கேட்டதும் அதுவே.

இந்தச் சங்கம் ஏன் நின்றது? நமக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள். முதலாவது, பணம் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறியது. நிலமும் மரமும் இருக்கின்றனவா என்று எந்த உறுப்பினரும் போய்ப் பார்க்கலாம். இரண்டாவது, பங்குகள் பல்லாயிரம் பேரிடம் சிதறிக் கிடந்தன. ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிவிட முடியாது. கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பெரிய சங்கங்களில் வட்டாரந்தோறும் உறுப்பினர்கள் கூடிப் பேராளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பேராளர்கள் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறார்கள். மூன்றாவது, இலாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாமல் ஒரு பகுதியைக் கையிருப்பு நிதியாக ஒதுக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. விளைச்சல் கெட்ட ஆண்டில் அது தாங்கும்.

கூட்டுறவு என்ற பெயர் இருந்தால் எல்லாம் நலமாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 1986ஆம் ஆண்டை நம் மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை மத்திய வங்கி நிறுத்தி வைத்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறக்குறைய 150 கோடி வெள்ளி முடங்கியது. நிலம் ஊகத்திலும் பங்குச் சந்தையிலும் பணம் போயிருந்தது; சில இடங்களில் நிருவாகிகளுக்கும் அவர்களைச் சார்ந்த கம்பெனிகளுக்கும் கடனாகவும் போயிருந்தது. அங்கே உறுப்பினர்கள் பணம் போட்டார்கள், கணக்குக் கேட்கவில்லை. வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள்.

கம்பெனி வடிவத்திலும் நமக்கு ஓர் அனுபவம் உண்டு. 1982இல் ம.இ.கா.வின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியது. ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கும் மேலாகப் பங்குப் பணம் செலுத்தினார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு. 2010இல் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தர முன்வந்தார்கள். 28 ஆண்டு காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். நோக்கம் சமூகத்தின் நலமென்றே சொல்லப்பட்டது. நோக்கம் நல்லதா என்று கேட்பதோடு, அதைக் காவல் காப்பது யார் என்றும் கேட்டிருக்க வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம்.

பினாங்கிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறோம். ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அருகில், கம்போங் புவா பாலா என்ற சிற்றூர் இருந்தது. பழைய தென்னந்தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து அங்கே வாழ்ந்து வந்தன. அந்த நிலம் அரசாங்க அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கைக்குப் போய், அங்கிருந்து வீடமைப்பு நிறுவனத்துக்குப் போனது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் ஏறி வழக்காடினார்கள். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. ஈடாக வீடுகள் வழங்குவதென்று உடன்பாடாயிற்று. கவனியுங்கள்: அங்கே நிலத்தைப் பெற்றதும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான். அது தன் உறுப்பினர்களுக்காகச் செயல்பட்டது. அந்தச் சிற்றூர் மக்கள் அதன் உறுப்பினர்கள் அல்லர். புக்கிட் சிடிமில் ஒரு சங்கம் லயத்தைக் காத்தது. இங்கே ஒரு சங்கத்தின் வழியாக ஊர் கலைந்தது. சங்கம் யாருடையது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

ஆகவே இனி யாரேனும் வந்து, “சமூகத்துக்காக ஒரு தொழில் தொடங்குகிறோம், பங்கு எடுங்கள்” என்று அழைத்தால், நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். உறுப்பினர் யார், வாக்கு யாருக்கு? பணம் எந்தப் பொருளாக மாறுகிறது, அதை நாம் போய்ப் பார்க்கலாமா? தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் யார் முன் வைக்கிறார்கள்? இப்போதைய தலைவர் நாளைக்கே விலகினால் வேலை தொடருமா? நேர்மையானவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். முகம் சுளிப்பவரிடம் பத்து வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.

பயந்து ஒதுங்குவதும் தீர்வல்ல. ஏழைப் பெண்களுக்கு ஈடு கேட்காமல் சிறு கடன் கொடுக்கலாம் என்று வங்காளதேசத்தில் கிராமீன் வங்கி காட்டியபோது, அதை இந்நாட்டில் செய்து பார்க்க முன்வந்தவர்கள் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1986இல் சிலாங்கூர்க் கிராமங்களில் அவர்கள் நடத்திய சோதனையே மறு ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா என்ற அமைப்பாயிற்று. சமூகத் தொழில் முயற்சிகளை வளர்க்க 2030 வரைக்குமான திட்டம் ஒன்றை அரசாங்கமும் 2022இல் வெளியிட்டது. 1968 முதல் இடைநிலைப் பள்ளிகளில் கூட்டுறவுக் கடைகள் நடந்து வருகின்றன. பேனாவும் ரொட்டியும் விற்கும் அந்தச் சிறு கடையில் உங்கள் பிள்ளையும் பங்குதாரராக இருக்கலாம். “கடை உன்னுடையதுதானே, போன ஆண்டுக் கணக்கைக் கேட்டாயா?” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கணக்குக் கேட்கும் பழக்கம் பதினைந்து வயதில் வந்துவிட்டால் ஐம்பது வயதில் ஏமாற நேராது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஒருமுறை, வீட்டில் உள்ள பழைய தாள்களைப் பார்த்து வந்து சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறினோம். ஒரு பிள்ளை, தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்ததென்று மடித்து மடித்துக் கிழிந்த ஒரு பங்குச் சான்றிதழைக் கொண்டுவந்தது. தாத்தா இறந்து பல்லாண்டு ஆகிவிட்டது. அது என்ன தாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டிக்கு மட்டும் ஒன்று நினைவிருந்தது: “அதுக்காக மாசாமாசம் பத்து வெள்ளி கேட்டு வாங்கிட்டுப் போவாரு, நான் சண்டை போடுவேன்.”

அப்படிப்பட்ட தாள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதைக் குப்பையென்று எரித்துவிடாதீர்கள். கூட்டுறவு உறுப்பினர் ஒருவர் தம் மறைவுக்குப் பின் பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று வாரிசைக் குறிப்பிட்டு வைக்கலாம். குறிப்பிடாமல் மறைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு சென்று சங்க அலுவலகத்தில் கேட்டறியலாம். இன்று உறுப்பினராக இருப்பவர்கள் வாரிசுப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டாரக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், சாப்பாட்டுக்கும் அன்பளிப்புக்கும் மட்டும் போகாமல், கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள்.

தாத்தா சேர்த்த தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருக்கும் சொல்லைப் பாருங்கள். தோட்டப் பதிவேடுகள் எல்லாவற்றிலும் அவருடைய பெயருக்கு எதிரே கூலி என்று எழுதியிருக்கும். அந்த ஒரு தாளில் மட்டும் உறுப்பினர் என்று எழுதியிருக்கிறது.